உள்ளத்துக்குச் சான்று கூறும் கல்வி

கோவலனைக் கொல்லச் சென்ற காவலர் அவனைக் கண்டதும் தயங்கினர் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று என்பது அவர்கள் எண்ணம். உடன் சென்ற பொற்கொல்லன் நகைத்தான். கள்வர்க்குத் துணையாவன எட்டு எனக் களவு நூலை விரித்துரைத்தான். அவர்தம் தயக்கம் முற்றும் நீங்குமுன்னரே கல்லாதான் ஒருவன் வாளை வீசினான், கோவலன் வீழ்ந்தான்.

இப்பகுதியைப் படிக்குந்தோறும் நமக்கு ஓர் உண்மை புலனாகின்றது. காவலர் கொண்ட முடிவு சரி. கொண்ட வழி தவறு. முகத்தைக் கண்டு உள்ளத்தை அறிந்துவிடலாம் என அவர்கள் நம்பினர். பொற்கொல்லன் உரைத்ததோ பொய். ஆயினும் அதற்கு நூலின் போர்வை இருந்தது. நான் கண்டது இவ்வளவு, காணாதது இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வல்லார் ஒருவரும் அங்கு இலர். கோவலனோ ஊர்விட்டு ஊர் பிழைக்க வந்தவன். அவன் பொருட்டு வாய் திறப்பார் அவ்விடத்தில் யார் உளர்?

அங்கு இல்லாது போன அந்த ஒருவரை உருவாக்குவதற்கென்றே இந்நாளில் ஒரு கல்வி இருக்கின்றது. அதற்குத் தடயவியல் உளவியல் என்று பெயர். நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றில் பிறந்த பெண், அத்துறையில் முனைவர் பட்டம் பெற விழைவதாகச் சென்ற ஆண்டு கூறினாள். “கள்வரோடும் கொலைஞரோடும் பழகும் படிப்பு நமக்கு எதற்கு?” என்றார் அவள் தந்தையார். பத்தாம் வகுப்போடு கல்வியை நிறுத்திக்கொண்ட நாம், முனைவர் பட்டத்தைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு அக்கேள்வியே காரணம். தந்தையார் அஞ்சியதில் பிழையில்லை. ஆனால் அக்கல்வி எத்தகையது, அதில் தேர்ந்தவரிடம் உலகம் எதை எதிர்பார்க்கின்றது என்பவற்றை அறிந்த பின்னரே வேண்டும் என்றோ வேண்டா என்றோ முடிவு செய்தல் நன்று.

முதலில், அஃது எது அன்று என்பதைக் கூறிவிடுவோம். திரைப்படங்களில் வருவதுபோலக் குற்றவாளியின் கண்ணைப் பார்த்தே உண்மையைக் கறக்கும் வித்தை அன்று அது. நீதிமன்றத்தில் உளவியலுக்கு இடம் வேண்டும் என்று 1908ஆம் ஆண்டிலேயே நூல் எழுதியவர் ஹார்வர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க். கண்ணால் கண்ட சாட்சியும் பிழைபடக் கூடும் என்பது அவர் வற்புறுத்திய செய்தி. அக்காலத்துச் சட்ட அறிஞர் சிலர் அவரை எள்ளி நகையாடினர். அவர் அளவுக்கு மீறி உரிமை கோரினார் என்பது அவர்கள் குறை. ஆக, இத்துறை பிறந்த நாள்தொட்டே அதற்கு வாய்த்த சோதனை ஒன்றுதான்: அறிந்ததற்கு மேல் பேசாதிருத்தல்.

நம் நாட்டிலும் அச்சோதனை வந்தது. மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து, குற்றம் புரிந்த அனுபவம் உள்ளே பதிந்திருக்கின்றதா என்று காட்ட முயலும் முறையை 2008இல் புனே அமர்வு நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் சான்றுகளுள் ஒன்றாக ஏற்றது. அறிவுலகில் பெரும் விவாதம் எழுந்தது. ஈராண்டு கழித்து, 2010ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், ‘செல்வி எதிர் கர்நாடக மாநிலம்’ என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மயக்க மருந்து கொடுத்துப் பேசவைத்தல், பொய் கண்டறியும் கருவி, மூளையலைப் பதிவு ஆகிய மூன்றில் எதனையும் ஒருவர்மீது அவர் விருப்பமின்றிச் செய்தல் ஆகாது என்பது அத்தீர்ப்பு. அவர் இசைந்தாலும் அச்சோதனையின் முடிவைத் தனியே சான்றாகக் கொள்ளலும் இயலாது. நெஞ்சின் கதவை உடைத்துத் திறக்கும் உரிமை யார்க்கும் இல்லை என்று நாட்டின் உயர்ந்த மன்றமே கூறிவிட்டது.

அப்படியாயின் இப்படிப்பினர்க்கு என்ன வேலை எனலாம். வேலை மிகுதியும் உண்டு. மனநோயால் தன் செயலின் தன்மையை அறிய இயலாதிருந்தவன் செய்தது குற்றமாகாது என்பது 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு. 2024 சூலை முதல் நடப்பிலிருக்கும் பாரதீய நியாய சன்ஹிதையில் அது 22ஆம் பிரிவாக நிற்கின்றது. குற்றம் செய்த வேளையில் அவன் நிலை யாது? இப்பொழுது வழக்கை விளங்கிக்கொண்டு தன் வழக்கறிஞருக்கு உதவும் நிலையில் இருக்கின்றானா? இவை இரண்டும் வேறு வேறு வினாக்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதிருப்பதே மாணவர் கற்கும் முதற்பாடங்களுள் ஒன்று. சிறைக்கைதிகளின் மனநலம், மணமுறிவு வழக்கில் குழந்தை எவரிடம் வளர்தல் நலம் என்னும் ஆய்வு, கொடுமைக்கு ஆளான பிள்ளைகளிடம் அவர்களை மேலும் புண்படுத்தாமல் வாக்குமூலம் பெற உதவுதல் ஆகியனவும் இத்துறையினர் பணிகளே.

நம் குடும்பங்களுக்கு மிக அணுக்கமான இடம் மற்றொன்று உண்டு. அது இளைஞர் நீதிக் குழுமம். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, பதினாறு வயது நிரம்பிப் பதினெட்டு நிரம்பாத ஒரு பிள்ளைமீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், அக்குழுமம் முன்மதிப்பீடு ஒன்று செய்தல் வேண்டும். அப்பிள்ளைக்கு அக்குற்றத்தைச் செய்யும் உள வலியும் உடல் வலியும் இருந்தனவா, விளைவை அறியும் ஆற்றல் இருந்ததா, எச்சூழ்நிலையில் அது நிகழ்ந்தது என்பன ஆராயப்படும். அம்மதிப்பீட்டைப் பொறுத்தே அவனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்க அனுப்புவதா என்பது முடிவாகும். குழுமத்தில் குழந்தை உளவியலிலோ குழந்தை மனநல மருத்துவத்திலோ பட்டம் பெற்றுத் தொழில் புரிவோர் இல்லையெனில், வல்லுநர் உதவியைக் கட்டாயம் பெறுதல் வேண்டும் என்று 2022 சூலை 13இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு பிள்ளையின் வாழ்வு எந்தப் பாதையில் திரும்பும் என்பதில் உளவியலார் எழுதும் சில பக்கங்களுக்கு எத்துணை எடை இருக்கின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். டோங்ரியில் உள்ள கூர்நோக்கு இல்லமும் மான்கூர்டில் உள்ள குழந்தைகள் இல்லமும் நம் தாராவிக்கும் செம்பூருக்கும் தொலைவில் இல்லை.

இத்துணைப் பொறுப்புள்ள பணிக்கு ஒருவரை ஆயத்தம் செய்ய எவ்வளவு காலமாகும்? இளங்கலை மூன்று அல்லது நான்கு ஆண்டு. முதுகலை இரண்டு ஆண்டு. அதன்பின் முனைவர் பட்டம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, மிகுந்தது ஆறு ஆண்டு. பெண்களுக்கு மேலும் இரண்டாண்டு சலுகை உண்டு. ஆராய்ச்சி முறையும் ஆராய்ச்சி அறமும் அடங்கிய பாடப்பகுதியை முதலில் முடித்தல் வேண்டும். தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானோர்க்கு 2023 சனவரி முதல் திங்கள்தோறும் 37,000 ரூபாய் என அத்தொகை உயர்த்தப்பட்டது. மாதச் சம்பளத்தில் வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் பார்க்கும் நம்மனோர்க்கு இச்செய்தி சிறிதன்று.

எங்குக் கற்பது? பெங்களூரில் தேசிய மனநல நரம்பியல் நிறுவனம் உள்ளது. 1954இல் தோன்றிய நிறுவனமும் பழைய மனநல மருத்துவமனையும் 1974இல் இணைந்து உருவானது அது. குசராத்து அரசு 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவிய பல்கலைக்கழகம், 2020இல் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகமாயிற்று. அதன் தலைமையிடம் காந்திநகர். நம் வாயிலிலேயே, செம்பூரை அடுத்த தேவனாரில், 1936இல் தோன்றிய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கின்றது. அது உளவியல் கல்லூரி அன்று. எனினும் சிறைப்பட்டோர்க்கெனப் ‘பிரயாஸ்’ என்னும் களப்பணியை 1990இல் தொடங்கியதும், ஆதரவற்ற குழந்தைகளுக்கான 1098 தொலைபேசி உதவி 1996இல் பிறந்ததும் அங்கேதான். சிறையையும் இல்லத்தையும் நேரிற் காணாதவர் இத்துறையில் ஏட்டுச் சுரைக்காயே ஆவர்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று. ‘தடயவியல் உளவியல்’ என்று பெயர் தாங்கிய படிப்பு எல்லாம் நோயாளிக்குச் சிகிச்சை செய்யும் உரிமையைத் தந்துவிடாது. மருத்துவ உளவியலாராகத் தொழில் புரிவதற்கு, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற படிப்பும் அதன் பதிவும் வேண்டும். பணம் கட்டுமுன் இதனைக் கேட்டுத் தெளிதல் கடன்.

இனி, அம்மாணவரிடம் எதிர்பார்க்கப்படும் திறன்களுக்கு வருவோம். அமெரிக்க உளவியற் கழகம் இத்துறையைத் தனிச் சிறப்புத் துறையாக 2001இல் ஏற்றது. 2013இல் அதன் நடைமுறை நெறிகளைத் திருத்தி வெளியிட்டது. அவை போன்ற நெறிகளில் திரும்பத் திரும்ப வருவன சிலவே.

முதலாவது, தான் யாருக்காகப் பணி செய்கின்றார் என்று அறிந்து, அதனை எதிரிலிருப்பவருக்குத் தொடக்கத்திலேயே கூறிவிடுதல். ஆறுதல் கூறும் உளவியலார் கேட்டதை மறைத்துக் காப்பார். நீதிமன்றத்துக்காக ஆராய்பவரோ கேட்டதை அறிக்கையில் எழுதுவார். இவ்வேறுபாட்டை ஒரு முறை சொல்லி விட்டால் போதாது. நம் பிள்ளை அன்பாகப் பேசும் ஆய்வாளரை ஐந்தாம் நிமிடத்தில் ‘அக்கா’ என்றழைக்கும். அக்காவிடம் எதைத்தான் ஒளிப்பது? அவ்வேளையில், “தம்பி, நீ சொல்வதை நான் எழுதிக் கொடுப்பேன், நினைவிருக்கின்றதா?” என்று மீண்டும் நினைவூட்டுகின்றவரே கற்றவர்.

இரண்டாவது, அளவுகோலின் எல்லையை அறிதல். வெக்ஸ்லர் அமைத்த அறிவுத்திறன் தேர்வை நம் நாட்டுக் குழந்தைகளுக்கெனத் தழுவி 1969இல் நாகபுரியில் உருவாக்கியவர் ஆர்தர் மாலின். ஆறு வயது முதல் பதினைந்து வயது வரையுள்ளோர்க்கு அமைந்த தேர்வு அது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு அதனை வைத்து எண் சொல்லலாமா? தமிழ்வழிப் பள்ளியில் பயின்றவனுக்கு இந்திச் சொற்களின் பொருளைக் கேட்டு, ‘மந்த அறிவினன்’ என்று எழுதலாமா? எந்த வயதினர்க்கு, எம்மொழியில், எக்காலத்தில் அமைந்த அளவு இது என்று ஒவ்வொரு முறையும் வினவுதல் வேண்டும். கழுதை பாரத்தை அளக்கும் தராசில் பொன்னை நிறுப்பார் உண்டோ?

மூன்றாவது, கண்டது, கேட்டது, கருதியது ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதுதல். ‘அவன் தலை குனிந்திருந்தான்’ என்பது கண்டது. ‘இரவில் உறங்குவதில்லை என்று தாய் கூறினாள்’ என்பது கேட்டது. ‘அவன் குற்ற உணர்வால் வருந்துகின்றான்’ என்பது கருதியது. நம்மவருள் பெரியவர்முன் தலை குனிதல் மரியாதை. கண்டதைக் கருதியதாக மாற்றி எழுதும் ஒரு வரி, ஒருவர் வாழ்நாளை மாற்றிவிடும். நோயில்லாதவர் நோயுற்றார்போல் நடித்தலும் உண்டு; திருமணம் தடைப்படும் என்று அஞ்சி உள்ள நோயை வீட்டார் மறைத்தலும் உண்டு. இரண்டையும் ஐயுற்று ஆராய்தல் வேண்டும். எதனையும் முன்னரே முடிவு செய்தல் ஆகாது.

நான்காவது, குறுக்கு விசாரணையைத் தாங்குதல். வழக்கறிஞர் வினாக்களால் வளைக்கும்போது, ‘இதனை நான் அறியேன்’ என்று நாணாமல் கூறும் துணிவு பல்லாண்டுப் பயிற்சியால் வருவது. ஐந்தாவது, ஆராய்ச்சியில் அறம். சிறையில் இருப்பவன், ஆய்வுக்கு இசைந்தால் பிணை கிடைக்கும் என்று எண்ணிக்கொள்வான். கிடைக்காது என்பதை அவனுக்கு விளங்கும் மொழியில் சொன்ன பின்னரே அவன் இசைவைப் பெறலாம். இவற்றோடு, கொடிய செய்திகளை நாளும் கேட்கும் தம் உள்ளத்தைத் தாமே காத்துக்கொள்ளவும், மூத்தோரிடம் வழி கேட்கவும் பழகுதல் வேண்டும். தந்தையார் கொண்ட அச்சத்துக்கு விடை இங்குதான் இருக்கின்றது. இப்படிப்பு குற்றத்தோடு உறவாடச் சொல்லவில்லை. குற்றத்தின் அருகில் நின்று கலங்காதிருக்கப் பழக்குகின்றது.

இவை யாவற்றுக்கும் அடியில் கிடப்பது மொழி. இருப்புப்பாதைப் பணியில் இருப்பதால் நாம் பலமுறை கண்ட காட்சி இது. தெற்கிலிருந்து வரும் வண்டியில் தனியே இறங்கிய சிறுவனைச் சிலர் சூழ்ந்துகொண்டு இந்தியில் வினவுவர். வீட்டைவிட்டு ஓடி வந்தாயா? ‘ஹாங்.’ அப்பா அடித்தாரா? ‘ஹாங்.’ பணம் திருடினாயா? அதற்கும் ‘ஹாங்.’ ஒரு முறை நாம் அருகில் சென்று, “தம்பி, எந்த ஊர்? சாப்பிட்டாயா?” என்று கேட்டோம். அவன் அழத் தொடங்கினான். பயணச்சீட்டை வைத்திருந்த சிற்றப்பன் கூட்டத்தில் பிரிந்து போனான் என்பதே நடந்தது. ‘ஹாங்’ என்ற சொல்லுக்கு அவன் கொண்ட பொருள், ‘என்னை அடிக்காதீர்கள்’ என்பது.

அதிகாரமுடையார் வினவும்போது ஆம் ஆம் என்று இசைந்து போகும் இவ்வியல்பை அளந்தறிய ஐசுலாந்தில் பிறந்த உளவியலார் கிஸ்லி குட்ஜான்சன் 1984இல் ஒரு முறையை வகுத்தார். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டோர் பற்றிய ஆராய்ச்சியில் அவர் பெயர் நிலைத்திருக்கின்றது. தமிழும் இந்தியும் கலந்து வளரும் மும்பைப் பிள்ளைகளிடம் இவ்வியல்பு எம்மொழியில் கேட்டால் எவ்வளவு வேறுபடுகின்றது? இஃது ஒரு முனைவர் பட்டத்துக்கு உரிய வினா அன்றோ? நம் தெருவில் வளர்ந்தவரைவிட இதனை ஆராயத் தக்கார் யார்?

மொழி என்னும்போது அகராதியை மட்டும் நாம் குறிக்கவில்லை. குறும்பு செய்யும் மகனைப் பார்த்து, ‘உன்னைக் கொன்றுவிடுவேன்’ என்று நாளுக்கு நான்கு முறை கூறும் தாய் கொலைகாரி அல்லள். கோயிற் கொடையில் சாமி வந்து ஆடியவர் மனநோயர் ஆகார். அதே வேளையில், திங்கட்கணக்கில் உறங்காமல் குரல் கேட்கின்றது என்பவரைச் சாமி என்று சொல்லி வீட்டிலேயே வைத்திருத்தலும் தகாது. இவற்றினும் கூரிய எடுத்துக்காட்டு ஒன்று. துன்புறுத்தப்பட்ட சிறுமி, ‘மாமா’ என்று சொல்கின்றாள். நம் குழந்தைகளுக்குத் தாயின் உடன்பிறந்தவரும் மாமா, எதிர்வீட்டுக்காரரும் மாமா, கடைக்காரரும் மாமா. அச்சொல்லைத் தாய்மாமன் என்று பெயர்த்து எழுதிவிட்டால், குற்றமற்றவர் சிறைக்குச் செல்வார்; குற்றவாளி தெருவில் நடப்பார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்கையில் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரின் உதவியைப் பெறலாம் என்று இடமளித்திருப்பது இதனாலேயே. அவ்வுரிமை இருப்பதை நாமும் அறிந்திருத்தல் வேண்டும். நம் வீட்டுப் பிள்ளை குழுமத்தின் முன்னோ நீதிமன்றத்திலோ நிற்க நேர்ந்தால், தமிழ் அறிந்த ஒருவர் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் வாயிலாகவும் கேட்கலாம்.

வீட்டில் தமிழ், தெருவில் பம்பாய் இந்தி, அலுவலகத்தில் மராத்தி, கல்லூரியில் ஆங்கிலம் என்று நான்கு மொழிகளுக்கிடையில் நம் பிள்ளைகள் வளர்கின்றனர். இதனை நாம் செல்வமாக எண்ணுவதில்லை, குறையாகவே எண்ணுகின்றோம். ‘தமிழ் எதற்கு, இந்தியும் ஆங்கிலமும் வந்தால் போதும்’ என்னும் பேச்சு மாட்டுங்காவில் கேட்கின்றது, தாராவியிலும் கேட்கின்றது. ஆனால் இத்துறை தேடி அலைவது அத்தகைய காதுகளையே. அளவுகோலை வெளியூரிலிருந்து தருவிக்கலாம். ஆராய்ச்சி முறையைக் கல்லூரியில் கற்கலாம். ‘மாமா’ என்னும் சொல்லில் ஒளிந்திருக்கும் ஐந்து பொருளைப் பாட்டி மடியில் அன்றி வேறெங்குக் கற்பது?

அதற்காக, தமிழர்க்குத் தமிழர் துணைநின்று பரிந்து பேசுவதே இப்படிப்பின் நோக்கம் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. குற்றம் செய்தவன் நம்மவனாயினும், ஆய்வாளர் கண்டதைக் கண்டபடியே எழுதுதல் வேண்டும். பரிவு வேறு, சான்று வேறு. நம் மொழி அறிந்தவர் நமக்குச் செய்யும் உதவி, நாம் சொன்னதைச் சரியாகக் கேட்டல் ஒன்றே. அதற்குமேல் நாம் கேட்பதற்கு உரிமையில்லை. அதற்குக் குறைவாகக் கிடைத்தால் அது நீதியும் அன்று.

வள்ளுவர் குறிப்பறிதல் என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். பிறர் உள்ளத்தை அறிதல் அத்துணை அருமையுடையது என்பதற்கு அதுவே சான்று. நம் சங்கத்துக் குடும்பங்களில் உளவியல் பயில விழையும் மகளோ மகனோ இருப்பின், ‘பைத்தியக்காரர் படிப்பு’ என்று ஒதுக்காதீர்கள். எட்டுப் பத்தாண்டு பொறுமை வேண்டும். வழி காட்டுவார் வேண்டும். உதவித்தொகைத் தேர்வுக்கு உழைப்பு வேண்டும். சங்கத்தின் கல்விக் குழு இவ்வாண்டு இத்துறைக்கும் வழிகாட்ட முன்வரின் நன்று. ஒரே ஒருவர் இவ்வழியில் தேறி வந்தாலும் போதும். ஊர்விட்டு ஊர் வந்த ஒரு பிள்ளை விசாரணைக்கு நிற்கும் அறையில், அவன் சொல்லை அவன் சொன்னபடியே கேட்கும் காது ஒன்றாவது இருக்கும்.